ஏ பிளாக்குக்குக் கறுப்பு, பி பிளாக்குக்குப் பச்சை

எங்கள் காலனிப் பூங்காவில் நின்ற ரயில் எஞ்சின் தன் வாழ்நாளில் யார்டைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொரு தண்டவாளத்துக்கு இழுத்துக் கோத்துவிடுகிற சின்ன ஷண்டிங் எஞ்சின் அது. ஆனால் காலனியில் தலை நரைத்த எல்லோரும் அந்த எஞ்சின் இழுத்த ரயிலில்தான் முதன்முதலாக மெட்ராஸுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். ஒருவர் தஞ்சாவூரிலிருந்து, ஒருவர் திருநெல்வேலியிலிருந்து, ஒருவர் பாலக்காட்டிலிருந்து. அத்தனை ஊருக்கும் அது எப்போது போயிற்று என்று நான் கேட்டதில்லை. பெரியவர்களைக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. குழம்பிப்போவதோடு சரி.

காலனி அடையாற்றில் இருந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து கட்டியது. அவர்கள்தான் எங்கோ எழுதிப்போட்டு, யாரையோ பிடித்து, உடைக்கப் போகிற நிலையில் இருந்த அந்தக் கரி எஞ்சினைக் கொண்டுவந்து மேடை கட்டி நிறுத்தினார்கள். அதன் ஒரு பக்கம் ஏ பிளாக், மறுபக்கம் பி பிளாக். முகம் வாசல் கேட்டைப் பார்த்தபடி இருக்கும். கமிட்டி மாறும்போதெல்லாம் அதன் நிறமும் மாறியது. எனக்கு நினைவு தெரிந்தபோது வான நீலம், சக்கரங்களுக்கு வெள்ளி, முகப்பில் இரண்டு கண்ணும் சிரிக்கிற வாயும், வயிற்றில் ‘மழைநீர் சேகரிப்போம்’ என்ற வாசகம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் காலனிக்குப் பொன்விழா வந்தது. அதற்காக எஞ்சினைப் பழைய உருவத்துக்கே கொண்டுவருவது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். சரித்திரத்தில் எப்படி இருந்ததோ அப்படி. நீலம் சரித்திரம் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. சரித்திரம் எது என்பதில்தான் சண்டை.

செக்ரட்டரி மாமா ஏ பிளாக். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். “கரி எஞ்சின்னா கறுப்புதான் ஓய், இதுக்கு ஒரு மீட்டிங்கா?” என்றார். பி பிளாக் இரண்டாவது மாடியில் ரயில்வே அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, “அந்த யார்டிலேயே நான் உத்தியோகம் பார்த்திருக்கேன். அது பச்சை. கரும்பச்சை. நீர் பாங்குல நோட்டு எண்ணிண்டு இருந்த காலத்துல நான் அதுக்குப் பக்கத்துல நின்னுண்டு இருந்தேன்” என்றார். கோடையில் லாரித் தண்ணீரை யார் தொட்டியில் முதலில் ஊற்றுவது என்று நடந்த தகராறிலிருந்து ஏ பிளாக்கும் பி பிளாக்கும் ஒருவர் பக்கம் ஒருவர் நடந்துகூடப் போவதில்லை. எஞ்சினின் நிறமும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

வேலையை என் சித்தப்பாவிடம் கொடுத்தார்கள். சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஓவியக் கல்லூரியில் படித்தவர். நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வீடுகளின் கொலு பொம்மைகளுக்கெல்லாம் வர்ணம் புதுப்பித்துக் கொடுப்பார். மற்ற மாதங்களில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார், கல்யாண மண்டபத்துக்கு யானை வரைவார். இதற்கெல்லாம் உத்தியோகம் என்று பெயர் கிடையாது என்பது அப்பாவின் அபிப்பிராயம். பி பிளாக் மாமாவின் அபிப்பிராயமும் அதுதான். அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால், ஏ பிளாக்கில் இருந்தாலும் அந்தச் சண்டையில் சேராத எங்கள் வீட்டில், பி பிளாக் மாமாவின் பெண்ணைத்தான் சித்தப்பாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா திருவான்மியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். தினமும் ஸ்கூட்டரில் போவாள். என்னைப் பார்த்தால் நிறுத்தி, முன்னால் நிற்கவைத்துக் கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். ஜாதகம் பொருந்திவிட்டது. அம்மாவுக்குப் பிடித்திருந்தது. சித்தப்பா அந்தப் பேச்சு வந்தாலே காது மடல் சிவந்து வேறு அறைக்குப் போய்விடுவார். எனக்கோ அவள் சித்தியாக வந்துவிட்டால் ஸ்கூட்டரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடும் என்று ஆசை. மாமா மட்டும்தான் பிடி கொடுக்கவில்லை. “பையன் இந்த எஞ்சின் வேலையை எடுத்திருக்கான் இல்லையா? அதை எப்படி முடிக்கறான்னு பார்க்கலாம். அப்புறம் சொல்றேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆக, சித்தப்பாவின் கல்யாணம் எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சித்தப்பா முதலில் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, எஞ்சின் மேல் ஓரிடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வர்ணமாகக் கரைந்து, உள்ளங்கை அகலத்துக்கு வளையம் வளையமாக வந்தது. நீலம், அதற்குள் ரோஸ், அதற்குள் வெள்ளி, அதற்குள் கறுப்பு, அதற்குள் பச்சை, அதற்குள் மறுபடியும் கறுப்பு, நட்டநடுவில் செங்காவி, அதற்கும் நடுவில் இரும்பு. கொலு பொம்மைகளிலும் அவர் இப்படித்தான் பார்ப்பாராம். அடியில் இருப்பதைக் கண்டுபிடித்தபின்தான் தூரிகையைத் தொடுவாராம். எஞ்சினின் மறுபக்கத்திலும் தேய்த்தார். அங்கேயும் அதே வளையங்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், “ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான் மன்னி. கறுப்பாவும் இருந்திருக்கு, பச்சையாவும் இருந்திருக்கு. ஏதோ ஒரு காலத்துல பச்சை அடிச்சிருக்கா. அப்புறம் மாத்தியிருக்கா” என்றார்.

அம்மா மோர் ஊற்றிக்கொண்டே, “அப்படின்னா யார் மனசும் கோணாம பண்ணிடேன்” என்றாள். சொல்லிவிட்டு ஊறுகாய் எடுக்கப் போய்விட்டாள். இந்த ஒரு வாக்கியம் பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

சித்தப்பா எஞ்சினைச் சுற்றிச் சாரம் கட்டி, நீலத் தார்ப்பாயால் மூடினார். வேலை நடக்கும் பக்கம் மட்டும் திரை விலகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் போய் நிற்பேன். ஒரு நாள் பி பிளாக் மாமா கைத்தடியோடு இறங்கிவந்து, “சுரண்டினியே, அடியில என்னடா இருந்தது?” என்று கேட்டார். சித்தப்பா, “பச்சை மாமா” என்றார். மாமா ஏ பிளாக் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மறுபக்கத்தில் செக்ரட்டரி மாமா வந்து அதையே கேட்டார். “கறுப்பு சார்” என்றார் சித்தப்பா. இரண்டு பதிலையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இரண்டும் உண்மை என்று எனக்குத் தெரியும். வளையங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வர்ணம் ஏற ஏறக் குழப்பமும் ஏறியது. பி பிளாக்கைப் பார்த்த பக்கம் கரும்பச்சையாகப் பளபளத்தது. ஏ பிளாக்கைப் பார்த்த பக்கம் கன்னங்கரேலென்று ஆனது. முகப்பும் புகைபோக்கியும் இரண்டுக்கும் பொதுவாகக் கறுப்பு. பச்சை எஞ்சின் ஆனாலும் முகப்பு கறுப்பாகத்தான் இருக்குமாம், சூட்டில் வேறு வர்ணம் நிற்காதாம். அந்த உண்மை சித்தப்பாவுக்கு நல்ல சௌகரியமாகப் போயிற்று. பின்பக்கத்தில் மட்டும் இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு நேராக மேலிருந்து கீழே இறங்கியது. அங்கே மதில் ஓரமாகக் காகிதப்பூச் செடி மண்டிக் கிடந்ததால் யாரும் போக மாட்டார்கள். காலனிக்காரர்கள் எஞ்சினை அவரவர் பால்கனியிலிருந்து பார்ப்பவர்கள். சுற்றிவந்து பார்ப்பவர்கள் நானும் வாட்ச்மேனும்தான்.

வாட்ச்மேன் ஒரு நாள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “இன்னா சார் இது, இந்தாண்ட ஒரு கலரு கீது, அந்தாண்ட ஒரு கலரு கீது?”

“வேலை இன்னும் முடியலைப்பா” என்றார் சித்தப்பா.

“முடிச்சா ஒரே கலராயிடுமா சார்?”

சித்தப்பா டீ வாங்கிவர அவரை அனுப்பினார். நானும் அதையே கேட்டேன். “பொன்விழா முடியட்டும், சொல்றேன்” என்றார். மேலே பால்கனியில் அந்த அக்கா பரீட்சைத் தாள் திருத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது தலை தூக்கிப் பச்சைப் பக்கத்தைப் பார்ப்பாள். சித்தப்பா ஏற்கெனவே அடித்து முடித்த இடத்தையே மறுபடி அடிப்பார். கறுப்புப் பக்கத்தை அவர் இப்படிக் கொஞ்சிக்கொண்டிருக்கவில்லை. சட்டுபுட்டென்று முடித்துவிட்டார்.

ஆயுத பூஜை அன்று திறப்பு விழா. நாற்காலிகளையெல்லாம் எஞ்சினின் முகத்துக்கு எதிரே போடவைத்தது சித்தப்பாதான். ரிப்பன் வெட்டுவார்கள், பேசுவார்கள், சுண்டல் சாப்பிடுவார்கள், அவரவர் பிளாக்குக்கு அவரவர் வழியில் போய்விடுவார்கள். ஏ பிளாக் கறுப்பைப் பார்க்கும், பி பிளாக் பச்சையைப் பார்க்கும். சம்பந்தம் பேசி முடிக்கும்வரை தாங்கினால் போதும், அப்புறம் மெல்ல ஒரே நிறமாக்கிவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் யோசித்தவர், கற்பூரத்தை மட்டும் யோசிக்கவில்லை.

தார்ப்பாயை எடுத்தார்கள். கறுப்பு முகப்பும் சிவப்புக் குறுக்குச் சட்டமும் வெயிலில் மின்ன, எல்லோரும் கை தட்டினார்கள். செக்ரட்டரி மாமா பெருமையோடு முகப்பைப் பார்த்தார். பி பிளாக் மாமாவும் பெருமையோடு பார்த்தார். குருக்கள் முகப்புக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நகராத சக்கரம் பழத்தை எப்படி நசுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பூசணிக்காய் உடைத்தாயிற்று, தீபாராதனை ஆயிற்று. சித்தப்பா நிம்மதியாகக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குருக்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு, “எல்லாரும் ஒரு பிரதட்சிணம் பண்ணிண்டு வாங்கோ” என்றார்.

நம் மனுஷர்கள் முன்னால் கற்பூரம் காட்டிவிட்டால் கால் தானாகவே சுற்றக் கிளம்பிவிடும். அது கல்லாக இருந்தால் என்ன, கரி எஞ்சினாக இருந்தால் என்ன. இரண்டு பிளாக்கும் பகையை மறந்து வரிசையாகக் கிளம்பின. சித்தப்பா இருந்த இடத்திலேயே நின்றார்.

முதலில் பச்சைப் பக்கம். அந்த அக்கா பட்டுப்புடவையில், என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள். பச்சையை ஒரு விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். பின்பக்கம் திரும்பினோம். காகிதப்பூச் செடியை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கறுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

சட்டென்று திரும்பி, கைத்தடியோடு பாதி தூரம் வந்திருந்த தன் அப்பாவின் தோளைப் பிடித்தாள். “முட்டி வலின்னேளேப்பா, போதும். இப்படியே திரும்பிடலாம் வாங்கோ.” அவரை வந்த வழியே திருப்பிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளிக்கிழமை தோறும் நவக்கிரகத்தைச் சுற்றுகிறவள், அப்பாவை இப்படி எதிர்ச்சுற்றாக இழுத்துக்கொண்டு போகிறாளே என்று ஒன்றும் விளங்கவில்லை. மாமாவும் முட்டியை நினைத்து நாலடி நடந்துவிட்டார். அதற்குள் குருக்கள் பார்த்துவிட்டார்.

“மாமா, பாதியில திரும்பப்படாது. அப்பிரதட்சிணமாயிடும். மெதுவா வாங்கோ, ஒண்ணும் அவசரமில்லை.”

“அதானே” என்று மாமா மறுபடி திரும்பினார். அதே சமயம் வரிசையில் வந்த செக்ரட்டரி மாமா, “இதென்ன ஓய் பச்சை?” என்று கத்தினார். “பின்னே என்னவாம்?” என்றார் பி பிளாக் மாமா. “கறுப்புன்னா அடிச்சிருக்கான்!” “உமக்குக் கண்ணு தெரியலைன்னா நான் என்ன பண்ணட்டும்?” இரண்டு பேரும் வாதம் செய்துகொண்டே பின்பக்கம் வந்தார்கள். கோட்டுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் காலனி முழுவதும் வந்து செடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் மட்டும் நான்தான் அப்பவே கேட்டேனே என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா, “மானம் போச்சு” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தான் சொன்ன வாக்கியத்தை நினைத்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. ஸ்கூட்டர் போய்விட்டது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

சாயங்காலம் பி பிளாக் மாமா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். மாமா கையமர்த்தி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

“சாமர்த்தியக்காரன்யா உன் தம்பி! எனக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம். ரெண்டு பேரையும் கையில போட்டுண்டு வேலையை முடிச்சுட்டான் பாரு. முப்பது வருஷம் ரயில்வேல நானும் அதைத்தானே பண்ணினேன்! இவன் பிழைச்சுப்பான். எனக்குச் சம்மதம். தேதியைப் பாருங்கோ.”

அம்மா காபி போட உள்ளே ஓடினாள். அப்பா எதுவும் புரியாமலே தானும் சிரித்தார். நான் ஆனந்தத்தில் சித்தப்பாவின் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். ஏமாந்தவர் எதற்காகச் சந்தோஷப்படுகிறார் என்பது விளங்கவில்லைதான். ஆனால் விளங்காத சந்தோஷத்தை வேண்டாம் என்று சொல்லும் வயசா அது?

மறுநாள் அந்த அக்கா, அம்மா சுண்டல் கொடுத்தனுப்பியிருந்த தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். சித்தப்பா மாடிப்படியில் அவளைப் பார்த்து நின்றார். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

“ஆறு மாசமா எங்காத்துல நான் என்ன சொல்லிண்டிருக்கேன் தெரியுமா?” என்றாள் அக்கா. “உத்தியோகம் இல்லேன்னா என்னப்பா, இருக்கறதை இருக்கறபடி சொல்ற மனுஷர்னு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அப்பாவை இதுவரைக்கும் கொண்டுவந்தேன்.”

“நான் பொய் சொல்லலையே. அடியில ரெண்டும் இருந்ததே.”

“ரெண்டும் இருந்ததுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கலாமே.”

சித்தப்பா படிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினார். “உங்கப்பாதான் சரின்னுட்டாரே” என்றார்.

“ஆமாம். உங்களை அவருக்கு இப்பதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு.” அவள் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கறுப்பே அடிங்கோ, அப்பாவை நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருப்பேன்.”

தூக்கை என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

மறுநாளிலிருந்து சித்தப்பா யாரையும், அந்த அக்காவைக்கூட, கேட்காமல் வேலையை ஆரம்பித்தார். பச்சையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கும் கறுப்பு அடித்தார். பி பிளாக் மாமா மேலிருந்து ஏதோ சொன்னதற்கு அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரே வாரத்தில் எஞ்சின் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அதன் மேல் என் முகம்கூடத் தெரிந்தது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அக்கா கேட்டது கறுப்பு, சித்தப்பா அடித்ததும் கறுப்பு. இனி என்ன தடை?

கடைசிப் பூச்சு முடிந்த சாயங்காலம் அக்கா பால்கனிக்கு வந்தாள். நான் கீழேயிருந்து குதித்துக் குதித்துக் கை காட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் எஞ்சினைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கைப் போட்டது ஜன்னலில் தெரிந்தது.

சித்தப்பா மேடையில் உட்கார்ந்து, பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், “சித்தப்பா, அக்கா பார்த்துட்டா! முழுக்கப் பார்த்துட்டா!” என்றேன்.

“சரி” என்றார்.

“அவா சொன்ன கறுப்புதானே இது? இப்ப சரின்னு சொல்லிடுவா இல்லையா?”

அவர் டப்பாவை மூடி, மேலே ஒரு கல்லை வைத்துத் தட்டினார். “வா, ஆத்துக்குப் போலாம்” என்றார். நான் வரவில்லை என்றேன். அக்கா கீழே இறங்கிவந்து சொல்லும்போது யாராவது அங்கே இருக்க வேண்டாமா? எஞ்சினின் மேடையில் ஏறி உட்கார்ந்து, பி பிளாக்கின் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.